விதைக்கு ஒரு ஜோடி விரால்

"மீன் புடிக்கிறவன் மவ படிச்சு என்னத்தப் பண்ணப் போறா? மீனுக்குப் பாடம் எடுக்கப் போறாளா?"

அப்பாவின் அக்கா இப்படிக் கேட்டபோது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடப் படியை ஒழுங்காக மிதித்தவர்கள் யாருமில்லை. அத்தை சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்கு மட்டும் மூக்கு விடைத்தது. எடுக்கத்தான் போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தக் கோடையிலேயே எடுத்தும் விட்டேன். என்னிடம் பாடம் கேட்டவை இரண்டு விரால் மீன்கள். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டும் செத்துப்போயின.

அதற்கு முந்தைய மழைக்காலம் வரை எங்கள் வீடு ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் இருந்தது. கீற்று வீடுதான். அந்த வருடத் தண்ணீர் அதைக் கொண்டுபோனது. அப்பாவின் வீச்சுவலை, இரண்டு கூடைகள், அம்மாவின் அம்மி எல்லாம் அதோடு போயின. என் புத்தகப் பை மட்டும் தப்பியது. ஓடும்போது அம்மா அதைத்தான் முதலில் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு எடமலைப்பட்டி புதூரில் அத்தை வீட்டின் இரண்டாவது மாடியில், மொட்டை மாடியை ஒட்டி இருந்த ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு மதுரை ரோட்டில் ஒரு டைல்ஸ் குடோனில் பெட்டி இறக்கும் வேலை கிடைத்தது.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஆற்றைப் பார்த்தால் எந்த மீன் எங்கே இருக்கும் என்று தெரியும். ஓடும் தண்ணீரில் கெண்டை நிற்கும் என்பார். மணலுக்குள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு ஆரால் கிடக்கும். கூழாங்கல் இடுக்கில் அயிரை. கோரைப்புல் முளைத்து, சேறு தட்டி, யாரும் இறங்கக் கூசுகிற மடுவில்தான் விரால். கோடையில் ஆறு வற்றி மடுமடுவாக நிற்கும்போது முதலில் கெண்டை வயிற்றைக் காட்டி மிதக்கும். கடைசிவரை இருப்பது விரால். தண்ணீரே இல்லாமல் போனாலும் ஈரச்சேற்றுக்குள் புதைந்துகொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சித்திரையில் மடு முழங்காலளவுக்கு இறங்கியதும் எல்லாரும் சேர்ந்து இறங்கி மீனையெல்லாம் அரித்துப் பிடித்துவிடுவார்கள். ஆனால் கடைசி ஜோடி விராலை விற்பதுமில்லை, சமைப்பதுமில்லை. அதை விதை மீன் என்பார்கள். வீட்டோரம் குழி வெட்டி, களிமண் பூசி, பாதி சேறும் பாதி தண்ணீருமாக விட்டு, மேலே தென்னங்கீற்றைப் போட்டு மூடி வைப்பார்கள். ஆடியில் புதுத் தண்ணீர் வந்ததும், எந்த மடுவில் எடுத்தார்களோ அந்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவார்கள். ஆடிப் பதினெட்டு அன்று ஊரே அம்மா மண்டபத்துப் படித்துறையில் காதோலை கருகமணியோடு நெருக்கிக்கொண்டு நிற்கும். அப்பா மட்டும் மறுபக்கம் கொள்ளிடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இரண்டு மீன்களைக் கையிலிருந்து நழுவ விடுவார். கும்பிட மாட்டார். கை காலியானதும் கொஞ்ச நேரம் கையையே பார்ப்பார், அவ்வளவுதான்.

வீடு போன அடுத்த சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கொள்ளிடத்துக்குப் போனார். வலை இல்லை. கையாலேயே சேற்றைத் துழாவி ஒரு ஜோடியைப் பிடித்தார். பிடித்ததும் அவர் முகம் பல மாதங்களுக்குப் பிறகு பழைய முகமாக இருந்தது. வாய் வெட்டிய பழைய எண்ணெய் டின்னில் நாலு விரற்கடை அளவுக்குத்தான் தண்ணீர் ஊற்றினார்.

"தண்ணி கம்மியா இருக்குப்பா. செத்துடும்."

"சாவாது பாப்பா. இது அப்பப்ப மேல வந்து ஒரு வாய் காத்து எடுத்துக்கும். அதுக்கு எடம் வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மீன் காற்று குடிக்குமாம்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி அடுத்த பஸ் ஏறினோம். டின்னுக்குள் சளக்கென்று சத்தம் வந்ததும் பக்கத்துச் சீட்டு அம்மாள் சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்னங்க டின்னுல?"

"மீனுங்க. உசுரு மீனு."

"ரெண்டு இருக்கு போலயே. அரை டிக்கெட் போட்டுரவா?"

பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். "எறங்கச் சொல்லிடாதீங்க சார், ரொம்ப தூரத்துலேருந்து வருதுங்க" என்றார். அப்பா இப்படி வேடிக்கையாகப் பேசுவார் என்பதையே நான் மறந்திருந்தேன்.

மொட்டை மாடியில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் இருந்தது. அப்பா அதை வெயில் படாத மூலைக்கு நகர்த்தினார். கொண்டுவந்த சேற்றை அடியில் பரப்பி, பாதிவரை தண்ணீர் விட்டு, மீன்களை இறக்கினார். மேலே ஒரு சாக்கைப் போட்டுக் கயிற்றால் கட்டினார். காலையில் வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் அதன் பக்கத்தில் போய் உட்காருவார். அங்கிருந்து பார்த்தால் வடக்கே மலைக்கோட்டை கட்டைவிரல் உயரத்துக்குத் தெரியும். அதற்குப் பின்னால் காவிரி. அதையும் தாண்டி ஸ்ரீரங்கம். அதற்கும் அந்தப் பக்கம் எங்கள் ஆறு. அப்பா குடோன் தூசியை இருமித் துப்பிவிட்டு அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். டிரம்முக்குள் எப்போதாவது 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரும். "எடுத்துக்கிச்சு" என்பார்.

பத்து நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு மத்தியானம் துணி காயப்போட வந்த அத்தை, "பாம்பு! பாம்பு!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். சாக்கு ஒரு பக்கம் நழுவியிருந்தது. சிமெண்டுத் தரையில் ஒரு விரால் நெளிந்துகொண்டிருந்தது. விராலின் தலை பாம்புத் தலை மாதிரிதான் இருக்கும். அத்தை துடைப்பத்தால் ஒரு போடு போட்டிருந்தாள். ஈரத்துணியால் பிடித்து மறுபடி டிரம்மில் விட்டேன். முதுகில் ஒரு கோடு கிழிந்திருந்தது. ஆனாலும் நீந்தியது.

சாயங்காலம் அப்பா வந்ததும் அத்தை பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, ஆறு போச்சு, வீடு போச்சு. இந்த நாத்தத்த மட்டும் ஏன்டா மாடியில தூக்கியாந்து வச்சிருக்க? இன்னொரு தடவ வெளிய வந்துச்சு, நான் பாட்டுக்குக் கொழம்பு வச்சிருவேன், சொல்லிட்டேன்."

"ஆடி வரைக்குந்தான் அக்கா."

"ஆடியாம் ஆடி. அங்க உனக்கு வூடே இல்ல, மீனுக்கு வூடு பாக்குறான்."

அம்மா அறைக்குள்ளிருந்து, "அண்ணி, நான் நல்லா மூடி வைக்கிறேன் அண்ணி" என்று கெஞ்சினாள். அப்பா சாக்கை மறுபடியும் கட்டினார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

இந்த மீன்களைக் காப்பாற்ற வேண்டும், அதுவும் நானே காப்பாற்ற வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். எனக்குத்தான் விஷயம் தெரியுமே. அந்த வருடம் அறிவியலில் வாழிடம் என்று ஒரு பாடம் இருந்தது. அட்டவணை போட்டு எழுதி டீச்சரிடம் 'மிக நன்று' வாங்கியிருந்தேன். ஒட்டகம் பாலைவனத்தில் வாழும், திமில் இருக்கும். மீன் நீரில் வாழும், செவுள் இருக்கும். செவுள் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றை எடுக்கும். தண்ணீருக்கு வெளியே மீனால் மூச்சு விட முடியாது. ஒட்டகத்தை நான் பார்த்ததே இல்லை. மீனுக்கு நடுவில்தான் பிறந்தேன். ஆனாலும் இரண்டையும் ஒரே மாதிரி, புத்தகத்தில் இருந்தபடியே நம்பினேன்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, டிரம்முல பாதிதான் தண்ணி இருக்கு. அதான் மூச்சு முட்டி வெளிய குதிக்குது. சேறு வேற இருக்கு. நல்ல தண்ணிய ரொப்பி, மூடியப் போட்டு இறுக்கிட்டா குதிக்கவும் குதிக்காது, மூச்சும் நல்லா விடும்."

"ஒரு சாண் விட்டு ரொப்பேன் பாப்பா. மேல வரணும்ல."

"மேல வந்து என்ன பண்ணும்? மீனு காத்து குடிக்காதுப்பா. இங்க போட்டிருக்கு பாருங்க."

அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். படத்தில் ஒரு மீன். அதன் வாய் வழியே ஓர் அம்பு உள்ளே போய்ச் செவுள் வழியே வெளியே வந்தது. அப்பா நெடுநேரம் பார்த்தார்.

"இது கெண்டையாச்சே" என்றார்.

"மீன்னா எல்லாம் மீன்தான்ப்பா."

எத்தனை முறை நினைத்தாலும் இந்த இடத்தில் எனக்குக் காது சுடும். அவ்வளவு அதட்டலாகச் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். அத்தை கீழே யாருடனோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்படியா" என்றார். "புக்குலயே போட்டிருக்கா? அப்பச் சரிதான்."

புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

நான் அவசரக்காரி இல்லை. கீழ்வீட்டில் வண்ண மீன் தொட்டி வைத்திருந்தவர், குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கும், இரண்டு நாள் பிடித்து வைத்துவிட்டு ஊற்று என்று சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் அப்பா வேலைக்குப் போனதும் மீன்களை டின்னுக்கு மாற்றி, டிரம்மிலிருந்த சேற்றை வழித்துக் கொட்டி, தேய்த்துக் கழுவினேன். விளிம்பு தளும்பும்வரை தெளிந்த தண்ணீர் ஊற்றினேன். மீன்களை விட்டதும் கொஞ்சம் வழிந்தது. அடி வரைக்கும் தெரிந்தது. அவ்வளவு சுத்தமான இடத்தை அந்த மீன்கள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்காது என்று பெருமைப்பட்டேன். மூடியைத் திருகி, அதன் மேல் ஒரு செங்கல்லையும் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் கேட்டது. மூடியின் அடிப்பக்கத்தில் முட்டுகிற சத்தம். டொக், டொக் என்று. முதலில் விட்டு விட்டு, பிறகு வேகமாக. விளையாடுகின்றன என்று நினைத்தேன். புது இடம் பிடித்துவிட்டது. திறந்துகொண்டு குதித்துவிடக் கூடாதே என்று இன்னொரு செங்கல் எடுத்துவந்து வைத்தேன். கன்னத்தை டிரம்மில் ஒட்டவைத்துக் கேட்டேன். பிளாஸ்டிக் வழியாக அந்த முட்டல் என் பல்லில் அதிர்ந்தது. நானும் விரலால் தட்டிப் பதில் சொன்னேன். அவை தட்டின, நான் தட்டினேன். வெயில் தலைக்கு மேல் வந்தபோது சத்தம் குறைந்தது. அப்புறம் நின்றது. தூங்கிவிட்டன என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

சாயங்காலம் அப்பா வந்து செங்கற்களை இறக்கிவைத்தார். இரண்டாவது கல்லை எடுக்கும்போது ஒரு நொடி நிதானித்தார். மூடியைத் திறந்தார். இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. வாய்கள் திறந்திருந்தன. மூக்கு நுனிகள் தேய்ந்து வெளுத்திருந்தன.

நான் அழ ஆரம்பித்தேன். அம்மா வந்தாள். அத்தையும் படியேறி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி பண்ணின?"

அப்பா அவசரமாகத் தண்ணீரில் விரலைவிட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "தண்ணி ஒத்துக்கலக்கா" என்றார். "குழாத் தண்ணியாச்சே, மருந்து கெடக்கு. பாப்பா ஒண்ணும் பண்ணல."

"அதான் செத்துப் போச்சுல்ல, குடு. இருட்டுறதுக்குள்ள ஆய்ஞ்சுடறேன்."

"விதை மீனு அக்கா. திங்கக் கூடாது."

அன்று அவர் அக்காவை எதிர்த்துப் பேசியது அந்த ஒன்றுதான். மீன்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அந்தத் தெருவில் புதைக்க மண் இல்லை, எல்லாம் சிமெண்டு. எங்கே போனார் என்று தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தார். டிரம்மைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினார். மறுநாளிலிருந்து அம்மா அதில் குடிதண்ணீர் பிடித்து வைக்கத் தொடங்கினாள்.

அந்த ஆடிப் பதினெட்டுக்கு அப்பா வேலைக்குப் போனார். லோடு வருகிறது என்றார். நான் அத்தையோடு அம்மா மண்டபத்துக்குப் போய், மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, சித்ரான்னம் தின்றுவிட்டு வந்தேன். காவிரி நிறையப் போனது. அப்பாவுக்கு ஊர் பழகிவிட்டது, இனி அழுக்குத் தண்ணீரில் இறங்க மாட்டார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த ஆடிக்கும் லோடு வந்தது. அதற்கடுத்த ஆடிக்கும் வந்தது. கொள்ளிடம் பக்கம் அவர் பிறகு போகவே இல்லை. மாடி மூலையில் உட்காருவதும் நின்றுபோனது. அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். இருமல் மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

தண்ணி ஒத்துக்கல என்பதை எட்டு வருடம் நம்பினேன். கல்லூரியில் விலங்கியல் எடுத்தேன். அதையும் அத்தை விடவில்லை, "மிருகத்தப் பத்திப் படிக்க மூணு வருஷமா?" என்றாள். ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் தட்டில் விரால் வந்தது. தலையைத் திறந்து, செவுளுக்கு மேலே, எலும்புக்குள் ஒளிந்திருந்த ஒரு சின்ன அறையைப் பேராசிரியர் ஊசிமுனையால் காட்டினார். உள்ளே ஈரமான சிவப்பு மடிப்புகள். இந்த மீனுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றை விழுங்கி இங்கே வைத்துக்கொள்ளும், சேற்று மடுவில் வாழ்ந்து வாழ்ந்து இதன் உடம்பே இப்படி ஆகிவிட்டது என்றார். மேலே வரவிடாமல் தடுத்தால் எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும் மூழ்கிச் செத்துவிடும் என்றும் சொன்னார். மாணவிகள் சிரித்தார்கள். மீன் மூழ்கிச் சாகுமா என்று ஒருத்தி கேட்டாள். எனக்குப் பல்லுக்குள் அந்த முட்டல் கேட்டது. டொக், டொக்.

அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் படம் வரைந்து காட்டினேன். இந்த முறை விராலைத்தான் வரைந்தேன். செவுளுக்கு மேலே அந்த அறை, அதற்குள் போகும் காற்று, எல்லாம் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் சொல்ல வரவில்லை. அப்பா எழுந்து உட்கார்ந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, காகிதத்தை வாங்கிப் பார்த்தார். இதெல்லாம் அப்போதுதான் கேள்விப்படுகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்படியா" என்றார். "புக்குலயே போட்டிருக்கா?"

அதே குரல். பத்து வயதில் அதைக் கேட்டபோது, அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். புத்தகமும் நானும் சரியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, தான் கண்ணால் பார்த்ததை ஒருவர் கீழே போட்டுவிட முடியும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. டிரம்மில் இருந்த அந்த ஒரு ஜோடிதான் அவர் ஆற்றுக்குத் திரும்பிப் போவதற்கு மிச்சமிருந்த ஒரே காரணம் என்பதும் தெரியவில்லை.

இப்போது மேற்படிப்பில் என் ஆய்வுக்குக் கோடை மடுக்களில் வாழும் மீன்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் கொள்ளிடத்தில் நானே சேற்றில் இறங்கி ஒரு ஜோடி விரால் பிடித்தேன். அம்மாவோடு சண்டை போட்டு நீல டிரம்மைக் காலி செய்து, பாதி சேறும் தண்ணீருமாக விட்டு, மூடியில் ஓட்டைகள் போட்டு மாடி மூலையில் வைத்திருக்கிறேன். அத்தைக்கு இப்போது படியேற முடியவில்லை. கீழேயிருந்தே, "மறுபடியும் ஆரம்பிச்சிட்டாளா?" என்று கேட்டாள். அப்பா இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. ஆனால் நேற்று உள்ளே 'ப்ளக்' என்று சத்தம் வந்தபோது, அறைக்குள் இருமிக்கொண்டிருந்தவர் ஒரு நிமிடம் இருமலை அடக்கிக்கொண்டார்.

ஆடிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பதினெட்டாம் நாள் எந்த லோடு வந்தாலும் அப்பா வர மாட்டார் என்று, இன்று காலை குடோனுக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.